கடன் வாங்கும் நாடு அக்கரையில் வீடு கட்டலாமா? ராமேசுவரம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஏப்ரல் 6, ராமநவமி. பிரதமர் அன்று காலை இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்தார். இந்திய உதவியில் சீரமைத்த மாகோ–ஓமந்தை ரயில் பாதையை, 128 கிலோமீட்டர், அங்கே தொடங்கிவைத்தார். பிறகு ஹெலிகாப்டரில் கடலைத் தாண்டி வந்து, மதியம் நம் ஊரில் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார். அன்று சாயங்காலம் டீக்கடையில் பேச்சு முழுக்க இதுதான். "நாமே உலக வங்கியில் கைநீட்டுகிறோம். அவர்களுக்குத் தண்டவாளம் போட்டுக் கொடுக்க நமக்கு என்ன வசதி இருக்கிறது?" என்று ஒரு அண்ணன் கேட்டார். கோபத்தில் கேட்டதல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றைக்குப் பாதிதான் பதில் சொன்னேன். அதன் பிறகு படித்ததையும், நம் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாமே கடன் வாங்குகிற நாடு. பக்கத்து நாட்டுக்கு உதவி செய்வது எப்படிச் சரியாகும்?

இதற்குச் சுனாமியிலிருந்து தொடங்கினால்தான் புரியும். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினமும் கடலூரும் கன்னியாகுமரியும் பிணக்காடாகக் கிடந்தன. இலங்கைத் தீவு குறுக்கே நின்றதால் நம் கரைக்கு அந்த அளவு அடி விழவில்லை. அந்த நிலையிலும் அடுத்த நாளே இந்தியக் கடற்படைக் கப்பல்கள் திருகோணமலைக்கும் காலிக்கும் போய்ச் சேர்ந்தன. மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல்கள் போயின. உடனடி நிவாரணத்துக்கு வெளிநாட்டு அரசுகள் பணம் தர முன்வந்தபோது, எங்களால் சமாளிக்க முடியும் என்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் சொல்லிவிட்டார்.

ஆனால் வீடு, துறைமுகம், சாலை என்று திரும்பக் கட்டும் வேலை வந்தபோது கடன் வாங்கினோம். 2005-இல் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உலக வங்கி கொடுத்தது 46.5 கோடி டாலர். ஆசிய வளர்ச்சி வங்கியிடமிருந்தும் வந்தது. 2013-இல் கடற்கரைப் பேரிடர் அபாயத்தைக் குறைக்கும் திட்டம் என்று உலக வங்கியிடம் இன்னொரு கடன். நம் கடற்கரை மாவட்டங்களில் நிற்கும் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்களுக்குப் பின்னால் இருப்பது இந்தப் பணம்தான்.

அதாவது ஒரே வருடத்தில் ஒரு கை கொடுத்தது, இன்னொரு கை வாங்கியது. நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? படகு இன்ஜினுக்குச் சங்கத்தில் கடன் வாங்கியிருப்போம். பக்கத்து வீட்டில் ஒரு துக்கம் என்றால் அன்றைக்குச் சோறு வடித்துக் கொண்டுபோகாமல் இருப்போமா? கடன் வாங்குவது நீண்ட நாள் வேலைக்கு. கொடுப்பது அந்த நேரத்துத் தேவைக்கு. இரண்டுக்கும் கணக்கு வேறு வேறு.

இன்னொன்று. உலக வங்கியிலேயே ஏழை நாடுகளுக்கென்று மிகக் குறைந்த வட்டியில் கடன் தரும் ஒரு பிரிவு உண்டு. இந்தியா 2014-இல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. இன்று வாங்குவது நடுத்தர வருமான நாடுகளுக்கான கடன். இல்லாதவன் கையேந்துவதும், திருப்பிக் கட்டும் சக்தி உள்ளவன் வங்கிக்குப் போவதும் ஒன்றில்லை.

போருக்குப் பிறகு இந்தியா அங்கே அப்படி என்ன செய்தது?

நிறையச் செய்திருக்கிறது. நம் பக்கத்தில் அது சரியாகத் தெரியவில்லை.

இலங்கை உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிந்தது. அதற்கு முன்பே, மார்ச்சில், இந்தியாவின் கள மருத்துவமனை புல்மோட்டையில் இறங்கிவிட்டது. பின்னால் அது செட்டிகுளம் பக்கம் மெனிக் பாம் முகாமுக்கு மாறியது. போரில் இடம்பெயர்ந்து கம்பி வேலிக்குள் அடைபட்டிருந்த மக்களை அங்கே நம் மருத்துவர்கள் பார்த்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து குடும்பப் பொட்டலங்கள் போயின. கண்ணிவெடி எடுக்க இந்தியக் குழுக்கள் போயின. கூரைத் தகடு, சிமெண்ட், விதை, மண்வெட்டி, 500 டிராக்டர் என்று அடுத்தடுத்து அனுப்பினார்கள். கண்ணிவெடி எடுக்காத நிலத்தில் டிராக்டர் ஓட்ட முடியாது, டிராக்டர் இல்லாமல் வன்னியில் நெல் போட முடியாது. அந்த வரிசையை யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பெரிய வேலை வீடுகள்தான். 2010 ஜூனில் 50,000 வீடு என்று அறிவித்தார்கள். முதலில் சோதனையாக ஆயிரம். 2012 அக்டோபர் 2 அன்று வடக்கிலும் கிழக்கிலும் பெரிய கட்டம் தொடங்கியது. வடக்கு கிழக்கில் மட்டும் ஏறக்குறைய 46,000 வீடுகள். மீதி நாலாயிரம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு. 2017 மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் மலையகத்துக்கு இன்னும் பத்தாயிரம் வீடு சேர்த்தார்கள். தோட்டத்துக்குப் போன அந்த மக்களின் முன்னோர் பலர் நம் மண்டபத்தில் தனிமைப்படுத்தும் முகாமில் நாட்களை எண்ணிவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். நம் மாவட்டத்துக்காரர்களும் அதில் ஏராளம். அதனால் மலையகத்தில் கட்டும் வீட்டை அந்நியர் வீடாக என்னால் பார்க்க முடியவில்லை.

அப்புறம் ரயில். ஓமந்தைக்கு வடக்கே போரில் தண்டவாளமே மிச்சமில்லை. இந்தியக் கடனில் நம் இர்கான் நிறுவனம் மறுபடி போட்டது. 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்குள் மறுபடி நுழைந்தது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. காங்கேசன்துறைத் துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை அகற்றியது, யாழ்ப்பாணத்தில் துரையப்பா விளையாட்டரங்கம், கலாசார மையம், 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் இலவச ஆம்புலன்ஸ் என்று பட்டியல் இன்னும் நீளும்.

அங்கே வீட்டுக்கு ஐந்தரை லட்சம் கொடுத்தார்கள், இங்கே எழுபதாயிரம். இது நியாயமா?

இந்தக் கேள்வியில் ஒரு பிழையும் இருக்கிறது, ஒரு உண்மையும் இருக்கிறது.

பிழை என்னவென்றால், ஐந்தரை லட்சம் என்பது இலங்கை ரூபாய். 2012-இல் நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் பணம் இரண்டேகால், இரண்டரை ரூபாய் வரும். அப்படிப் பார்த்தால் நம் கணக்கில் இரண்டே கால் லட்சம், கொஞ்சம் கூட. அதே காலத்தில் தமிழ்நாட்டின் பசுமை வீடு திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம். மத்திய அரசின் இந்திரா வீட்டுவசதித் திட்டத்தில்தான் எழுபதாயிரம்.

உண்மை என்னவென்றால், எழுபதாயிரத்தில் வீடு முடியாது என்பது. என் சித்தப்பா அரசு மானியத்தில் வீடு கட்டினார். கடைசித் தவணை வர ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை கூரையில்லாமல் தார்ப்பாய் கட்டித்தான் இருந்தார்கள். அந்த வேதனை நியாயமானது. ஆனால் அதை எங்கே கேட்க வேண்டும்? தவணையைத் தாமதம் செய்த இடத்தில் கேட்க வேண்டும். கிளிநொச்சியில் வீடு கிடைத்த அம்மாவிடம் இல்லை. அவருக்குக் கிடைக்காமல் போயிருந்தால் என் சித்தப்பாவின் தவணை ஒரு நாள்கூட முன்னால் வந்திருக்காது.

சரி, மொத்தமாக நம் வரிப்பணத்தில் இது எவ்வளவு?

முதல் 50,000 வீடுகளுக்கு ஆன மானியம் ஏறக்குறைய 1,372 கோடி ரூபாய். பல வருடங்களில் பிரித்துச் செலவானது. ஒரு வருடக் கணக்கும் பார்க்கலாம். 2025–26 பட்ஜெட்டில் வெளியுறவுத் துறை வழியாக இலங்கைக்கு ஒதுக்கியது 300 கோடி. அந்த வருட மத்திய பட்ஜெட் மொத்தம் 50.65 லட்சம் கோடி. வகுத்துப் பாருங்கள், லட்சம் ரூபாய்க்கு ஆறு ரூபாய் வரும். அதே பட்ஜெட்டில் பூட்டானுக்கு 2,150 கோடி, நேபாளத்துக்கு 700 கோடி. நேபாளத்தில் 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு நூறு கோடி டாலர் உதவி அறிவித்தோம். ஆப்கானிஸ்தானில் நாடாளுமன்றக் கட்டடமும் சல்மா அணையும் நம் பணத்தில் எழுந்தவை. இலங்கைக்கு மட்டும் தனிச் சலுகை காட்டவில்லை.

கொடுத்ததெல்லாம் இனாமா?

இல்லை. வீடு, ஆம்புலன்ஸ், கலாசார மையம் எல்லாம் மானியம், திருப்பித் தர வேண்டாம். ரயில் பாதை பெரும்பாலும் கடன். ஏற்றுமதி-இறக்குமதிக்கான அரசு வங்கியான எக்ஸிம் வங்கி வழியாகப் போகும் அந்தக் கடனில் வேலையும் பொருளும் பெரும்பங்கு இந்திய நிறுவனங்களிடமே வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் பணத்தில் ஒரு பகுதி நம் தொழிற்சாலைக்கே திரும்பி வந்துவிடும்.

கடன் என்பதால் வேறொரு சிக்கலும் வந்தது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டது. பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) 290 கோடி டாலர் தர வேண்டுமென்றால், ஏற்கெனவே கடன் கொடுத்தவர்கள் விட்டுக்கொடுப்பதாக உறுதி தர வேண்டும். 2023 ஜனவரியில் முதலில் அந்த உறுதியைக் கொடுத்தது இந்தியா. 2025 ஏப்ரலில் பத்துக் கோடி டாலர் கடனை மானியமாக மாற்றுவதாகவும் சொன்னார்கள்.

பணம் உரியவர் கைக்குப் போனதா, இடையில் தின்றுவிட்டார்களா?

வீட்டுத் திட்டத்தில் வைத்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. ஒப்பந்ததாரர் கட்டிக் கொடுக்கவில்லை, வீட்டுக்காரரே கட்டினார். அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழுந்தால் ஒரு தவணை என்று பணம் அவருடைய வங்கிக் கணக்கில் நேராக விழுந்தது. ஐ.நா. குடியிருப்பு அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கமும் இன்னும் சில அமைப்புகளும் கூட நின்று மேற்பார்த்தன. கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் வன்னியில் அதிகம். கொத்தனார் கூலி பேசி, மணல் லாரிக்கு அலைந்து, தன் வீட்டைத் தானே எழுப்பியவர்கள் அவர்கள்.

ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடு எழுந்தால் மணலும் கல்லும் விலை ஏறத்தான் செய்யும். கொடுத்த தொகை போதாமல் கழுத்து நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் முடித்த குடும்பங்கள் பல. வீடு நிற்கிறது, கடனும் கூடவே நிற்கிறது. அந்தக் கடனை அடைக்க வருமானம் வேண்டும். கரையோரக் குடும்பம் என்றால் அந்த வருமானம் கடலில்தான் இருக்கிறது. அங்கேதான் நம் கதை உள்ளே வருகிறது. கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

இதெல்லாம் சீனாவுக்குப் போட்டியாகத்தானே?

அதுவும் ஒரு காரணம்தான், மறைக்க வேண்டியதில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்நிலையம் அமைக்கும் வேலை 2021-இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. நெடுந்தீவிலிருந்து நம் கரை எவ்வளவு பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். இந்தியா ஆட்சேபித்தது. கடைசியில் அதே வேலையை மானியமாகவே செய்து தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டது. நோக்கம் எதுவாக இருந்தாலும் நெடுந்தீவுக்காரருக்கு மின்சாரம் வந்தால் எனக்குச் சந்தோஷம்.

2022-இல் நாம் அனுப்பிய அரிசி என்ன ஆனது?

2022 மார்ச் 22 அன்று, இலங்கையின் பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பி 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள். பச்சைக் குழந்தையும் இருந்தது. போருக்குத் தப்பி வந்தவர்களைப் பார்த்த நமக்கு, பசிக்குத் தப்பி வந்தவர்களைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு மாதக்கணக்கில் படகுக்காரர்கள் ஆட்களைத் தீடையில், அதாவது நடுக்கடல் மணல் திட்டில், இறக்கிவிட்டுப் போவதும், அவர்கள் வெயிலில் நிற்பதும், மெரைன் போலீஸ் போய்க் கூட்டிவருவதுமாக இருந்தது.

தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகள் தருவதாகச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு அறிவித்தது. மதிப்பு ஏறக்குறைய 123 கோடி. முதல் கப்பல் மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டது. தமிழருக்கு மட்டும் என்று முதலில் பேச்சு எழுந்தது. பசிக்கு இனம் பார்க்க வேண்டாம் என்று அங்கிருந்த தமிழ்த் தலைவர்களே சொன்னார்கள். எல்லா மக்களுக்கும்தான் போனது. அந்த வருடம் மத்திய அரசு கொடுத்தது கடனும் சலுகையுமாக ஏறக்குறைய 400 கோடி டாலர்.

மண்டபம் முகாமில் இருப்பவர்களை விட்டுவிட்டு அக்கரையில் கட்டுவது ஏன்?

இந்தக் கேள்வி எனக்கும் உறுத்துகிறது. 1983 முதல் மண்டபத்தில் இறங்கியவர்கள், முகாமிலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். பத்துக்குப் பத்து அறையில் நாற்பது வருடம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. 7,469 புதிய வீடுகள் அதில் அடக்கம். அகதி முகாம் என்ற பெயரையும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. இந்தியாவில் பிறந்த பிள்ளைகளிலும் பெரும்பாலோருக்குப் பாஸ்போர்ட் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இவர்களுக்கு இடமில்லை. முல்லைத்தீவில் வீடு கட்டிய அதே அக்கறை மண்டபத்திலும் வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. அதைக் கேட்கவேண்டியவர்களே நாம்தான்.

இவ்வளவு செய்தும் நம் மீனவர்களைப் பிடிக்கிறார்களே? நன்றி இல்லையா?

என் அப்பா முப்பது வருடம் விசைப்படகில் போனவர். அதனால் இந்தப் பதிலை எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பிடிப்பது இலங்கைக் கடற்படை. பிடிக்கச் சொல்லி மனுக் கொடுப்பது யார்? யாழ்ப்பாணத்து, மன்னாரின் தமிழ் மீனவர்கள். நாம் வீடு கட்டிக் கொடுத்தோமே, அதே ஊர்க்காரர்கள். போர்க்காலத்தில் அவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை. பாஸ் வேண்டும், நேரம் உண்டு, பல இடத்தில் போகவே முடியாது. அந்தக் காலத்தில் வடகடல், அதாவது பாக் விரிகுடா, முழுக்க நம் படகுகள்தான். உயிருக்குத் துணிந்துதான் போனோம், சுடுபட்டும் செத்தோம். நூற்றுக்கணக்கான தாலி இந்தக் கரையில் அறுந்தது. அதை யாரும் மறக்க வேண்டாம். ஆனால் 2009-க்குப் பிறகு அவர்கள் சின்ன பைபர் படகும் செவுள் வலையுமாகத் திரும்பி வந்தபோது, நம் விசைப்படகுகள் இழுத்துப்போகும் இழுவைமடி வலை அந்த வலைகளை அறுத்துக்கொண்டு போனது. ஒரு ராத்திரியில் அறுபடும் வலை, ஒரு குடும்பத்தின் முழு முதல். அதை வாங்கியதும் கடனில்தான்.

இழுவைமடி அடிமண்ணை உழுதுகொண்டே போகும். பாசி, குஞ்சு, முட்டை எதையும் விடாது. வடகடல் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான், அது எப்படித் தாங்கும்? நம் பக்கம் தீர்ந்துபோனதால்தானே எல்லை தாண்டுகிறோம். இலங்கை 2017-இல் தன் நாட்டில் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. இந்த இழுவைமடி நம் பாட்டன் தொழில் இல்லை. 1950களில் நார்வே நாடு இந்தியாவுக்குச் செய்த உதவி கேரளக் கரையில் தொடங்கியது. விசைப்படகும் இயந்திர மீன்பிடிப்பும் தென்னிந்தியக் கரைகளில் பரவ அது வழி திறந்தது. பிறகு அரசு மானியம், வங்கிக் கடன், இறால் ஏற்றுமதி. நல்ல மனதோடு கொடுத்த உதவிதான், நம்மில் பலரை வறுமையிலிருந்து தூக்கியதும் உண்மை. ஆனால் பக்கத்துக் கடலை அது என்ன செய்யும் என்று கொடுத்தவரும் பார்க்கவில்லை, வாங்கிய நாமும் பார்க்கவில்லை. இன்று இந்தியா அக்கரையில் செய்யும் உதவியிலும் இதே ஓட்டை இருப்பதாக நான் நினைக்கிறேன். வீட்டைக் கட்டினோம், தண்டவாளம் போட்டோம். 2022 நெருக்கடியில் நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு மீனவர்களுக்கு 15,000 லிட்டர் மண்ணெண்ணெய்கூடக் கொடுத்தோம். அவர்கள் அதை ஊற்றிக் கடலுக்குப் போனால் வலை அறுபடாமல் இருக்க என்ன வழி என்பதை மட்டும் இன்னும் செய்யவில்லை.

அதற்காக, பிடிபட்ட கூலித் தொழிலாளியை மாதக்கணக்கில் சிறையில் வைப்பதையும் படகை நாட்டுடைமை ஆக்குவதையும் நான் ஏற்கவில்லை. படகு முதலாளி வேறு, பங்குக்குப் போகிறவன் வேறு.

ஆழ்கடல் படகுக்குத்தான் மானியம் கொடுத்தார்களே, ஏன் மாறவில்லை?

2017 ஜூலையில் ராமேசுவரத்திலேயே தொடங்கிவைத்த திட்டம். 80 லட்ச ரூபாயில் ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகு, மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, சொந்தப் பணம் 10. மொத்தம் 2,000 படகு மாற்றுவது இலக்கு. அதில் சிறு பகுதிதான் நடந்தது. காரணம் தெரிந்ததுதான். சொந்தப் பங்கு எட்டு லட்சம், கடன் பதினாறு லட்சம். இன்று போய் நாளை திரும்புகிறவரை வாரக்கணக்கில் தங்கல் தொழிலுக்குப் போகச் சொன்னால், தூண்டில் தொழிலே புதிது, மீனை விற்கிற சந்தையும் புதிது. மூக்கையூரில் துறைமுகம் வந்திருக்கிறது, ஆனால் தங்கச்சிமடத்துக்காரர் குடும்பத்தை விட்டுவிட்டு அங்கே போய்த் தொழில் செய்ய வேண்டும்.

வடக்கு இலங்கையில் வீட்டுக்காரர் கையிலேயே தவணையைக் கொடுத்துப் பக்கத்தில் ஆள் நிறுத்திக் கட்டவைத்தார்களே, அதே பொறுமை இந்தத் திட்டத்துக்கும் வேண்டும். படகு வாங்கிய பிறகு முதல் இரண்டு வருடம் பயிற்சி, டீசல், விற்பனை மூன்றிலும் கூட நிற்க வேண்டும். போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்பில் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பேன்.

தலைமன்னாருக்குக் கப்பல் எப்போது?

1964 புயலுக்கு முன்னால் தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் அக்கரை. பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. ராமேசுவரம்–தலைமன்னார் சேவை இரண்டு அரசுகளின் அறிவிப்பிலும் இருக்கிறது. அங்கே தலைமன்னார் வரை ரயில் தயார், இங்கே ராமேசுவரம் வரை ரயில் தயார். நடுவில் இருக்கும் கடல்தான் பாக்கி.

சாதாரண ஆள் நான். இதில் எனக்கு என்ன வேலை?

ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அங்கே பெரும்பாலும் பிடிபட்ட படகு, டீசல் மானியம், தடைக்கால நிவாரணம் பற்றித்தான் மனுக் கொடுக்கிறோம். அவை வேண்டியவைதான். அடுத்த தடவை போகும்போது கூட இரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். ஆழ்கடல் திட்டத்தில் நம் ஊருக்கு இதுவரை எத்தனை படகு வந்தது, அதில் எத்தனை இப்போதும் தொழிலுக்குப் போகிறது? இரண்டு நாட்டு மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் அடுத்த கூட்டம் எந்தத் தேதியில்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். நானும் வருகிறேன்.